கிட்டார்க்காரியும் கதவடைத்தவளும்

துபாய் சத்வாவில் எட்டுப் பேர் இருந்த அறையில் ஒன்பதாவது ஆளாக ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கிடையாது. இருந்த வேலையையும் நானேதான் விட்டேன். எந்த வேலையும் எனக்குச் சீக்கிரம் புளித்துவிடும். எப்போதாவது சாமான் தூக்கும் கூலி கிடைக்கும். மற்ற நாட்களில் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் செருப்புகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பேன். பதிலுக்குப் பாடுவேன். டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டதும் அவர்களே பாடச் சொல்வார்கள்.

மெஸ் பொறுப்பு திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் இருந்தது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

அந்தக் கோடையில், ஊருக்குத் திரும்பும் ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் வீட்டில் சாமான் கட்டப் போனேன். அந்த வீட்டு அம்மாள் குப்பையில் போட்ட நான்கு போஸ்ட் கார்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பழைய காலத்துப் போட்டோக்கள். எல்லாம் பழுப்பு, கன்னத்தில் மட்டும் யாரோ ரோஸ் பூசியிருந்தார்கள். ஒருத்தி பூ வைத்த தொப்பியோடு கிட்டார் வாசிக்கிறாள். இன்னொருத்தி, சதைப்பிடிப்பானவள், ஏப்ரன் கட்டிக்கொண்டு மூட்டை அடுக்குகிறாள். பிறகு தரையெல்லாம் வெள்ளை. கிட்டார்க்காரி மெல்லிய துணியில் நடுங்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறாள். கடைசிக் கார்டில் ஏப்ரன்காரி இடுப்பில் கைவைத்து வாசலை அடைத்து நிற்கிறாள். அடியில் பிரெஞ்சில் ஏதோ எழுத்து.

சுவரில் ஒட்டினேன். அறைக்காரர்கள் ஒரே வாரத்தில் கதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏப்ரன்காரி மூத்த தாரம், கிட்டார்க்காரி இளைய தாரம். புருஷன் எங்கே என்ற கேள்வி வந்தது. போட்டோ எடுக்கிறவனே அவன்தான் என்றார் ஏசி மெக்கானிக். தரையில் கிடந்தது பனி இல்லை, பஞ்சு என்று கண்டுபிடித்ததும் அவர்தான். எல்லோரும் கிட்டார்க்காரி பக்கம். அண்ணாச்சி சோறு வடித்துக்கொண்டே சொன்னார்: "பசின்னு வாசல்ல வந்து நிக்கவளுக்கு ஒரு வாய் சோறு போட்டா இவ கொறஞ்சா போவா? மூஞ்சியப் பாரு, மூதேவி." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர்கள் கம்பெனி ஆபீஸில் கிளார்க்காக இருந்த தஞ்சாவூர்க்காரர் சாப்பிட வந்தார். சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது சக்களத்திக் கதை இல்லைங்க. சின்னக் கிளாஸ்ல படிச்சோமே, எறும்பும் வெட்டுக்கிளியும்."

பிரெஞ்சு அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னபடி பார்த்தால் கார்டுகள் ஒழுங்காகப் பொருந்தின. ஒருத்தி வெயில் காலம் முழுக்கப் பாடித் திரிந்தாள், மற்றவள் தானியம் சேர்த்தாள், குளிர் வந்ததும் பாடியவள் கையேந்துகிறாள். நான் அந்தப் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொருவராக ஏப்ரன்காரியின் முகத்தில் லட்சணம் காண ஆரம்பித்தார்கள். உழைக்கிறவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர். மூட்டை அடுக்கியிருக்கும் அழகைப் பார் என்றார் மெக்கானிக். வெயில் காலத்தில் பாடினாள் என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. சைட்டில் வெயிலில் காய்ந்த கம்பியைத் தொட்டுக் கை கொப்பளித்தவர்கள் அவர்கள். எட்டு எறும்புகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. அன்று யாரும் பாடச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்தபோது என் பை வெளியே இருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்றார். கைலிக்கு மேல் சமையல் துண்டு, ஒரு கையில் கரண்டி, மறு கை இடுப்பில். கன்னத்தில் ரோஸ் ஒன்றுதான் குறை.

"தப்பா நெனைக்காத தம்பி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"நீங்க கேட்டுத்தானே அண்ணாச்சி பாடுனேன்?"

"கேட்டோம். யாரு இல்லைன்னா? நல்லாத்தான் பாடுன."

சரி, என் கார்டுகளையாவது கொடுங்கள் என்றேன். அவர் உள்ளே திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். வாரவனுக்குப் புத்தி வரும்."

கதவைச் சாத்தினார். ஷார்ஜா பக்கம் போகும் லாரி எதுவும் கிடைக்குமா என்று பார்க்க நடந்தேன். இந்த ஊரில் பனி கிடையாது, அது ஒரு சௌகரியம். கிட்டார்க்காரியை மட்டும் அவர்கள் அறையில் வைத்துக்கொண்டார்கள். அவளுக்குச் சோறு போட வேண்டியதில்லையே.