சனிக்கிழமைக் கடற்கரை

டேனிஷ்காரர் நிறைந்த அலுவலகத்தில் என் தமிழ்ப் பெயரைப் பாதியாக வெட்டிவைத்திருந்தேன். அங்கே மெல்லத்தான் சிரிப்பேன். கோபம் வந்தால் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு திரும்புவேன். கறுத்த பெண் குரலை உயர்த்தினால் முரடு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வீட்டுக்கு வந்தால் யாரோடும் கதைக்கத் தெம்பிருக்காது. போன மாரிக் குளிரில் நெஞ்சு படபடத்து, நித்திரையும் போய்விட்டது. வைத்தியர் என்னை உளவியலாளரிடம் அனுப்பினார்.

அம்மாவுக்குச் சொன்னேன். "உனக்கென்ன விசரே? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அலுவலகத்தில் நாரி நோவு, முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லி லீவு எடுத்தேன்.

ஒருநாள் உளவியலாளர், "உங்களை மாற்றிக்கொள்ளாமல், இயல்பாக யாரோடு கதைப்பீர்கள்?" என்று கேட்டார். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

அதே வாரம் அலுவலகப் படிக்கட்டில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் சோமாலியப் பெண், தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டங்களில் வாயே திறக்காதவள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்தினாள்.

"நீங்கள் இப்படிச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.

"இங்கே யாருக்கும் தெரியாது."

படியிலேயே உட்கார்ந்து டேனிஷில் கொட்டித் தீர்த்தோம். அவளுக்கும் அதே படபடப்பு. அவளும் நாரி நோவு என்றுதான் லீவு எடுத்திருந்தாள். அதைக் கேட்டதும் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழும்பும்போது முடிவே செய்துவிட்டோம்: சனிக்கிழமை இஷொய்க் கடற்கரையில் நடப்பது, எங்களைப் போன்ற பெண்களையும் கூப்பிடுவது.

சனிக்கிழமை காலை சுற்றுலா போகும் பிள்ளையின் பரபரப்போடு சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். முதல்நாள் போனில் சொல்லியிருந்ததைக் கேட்டு, அம்மா கோட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"நானும் வாறன்."

அடுத்த ஊரான டோஸ்ட்ருப்பிலிருந்துகூடப் பெண்கள் வந்திருந்தார்கள். காற்று காதைப் பிய்த்தது. சோமாலியத் தோழி தன் கதையைச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு நடந்தேன். அம்மா திடீரென்று நின்றார்.

"எனக்கும் இருந்தது, பிள்ளை. முந்தி ஹொல்ஸ்டெப்ரோவில இருக்கேக்க, பக்டரி வேலை முடிஞ்சு சைக்கிளில வரேக்க, அழுது முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வாறனான். உங்களுக்குச் சிரிச்ச முகம் காட்டவேணுமெல்லே. இதையும் அவைக்குச் சொல்லு."

தடுமாறித் தடுமாறி டேனிஷில் சொன்னேன். தோழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்வரை இருவரும் கையை விடவில்லை.

உளவியலாளரிடம் இன்னும் போகிறேன். நித்திரை திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரமானால் அம்மா போன் எடுக்கிறார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு?"