உப்புக்கும் மல்லாட்டைக்கும் ஒரே இரும்புக்கடை

காலையில் ஏழுமலை அண்ணனின் மகன் போன் செய்தான். "அப்பா போய்ட்டாரு சித்தப்பா" என்றான். வேறென்ன கேட்பதென்று தெரியாமல், கடையைச் சாத்திவிட்டாயா என்று கேட்டேன். "பாதி சாத்தியிருக்கேன். ஒருத்தர் ஆணி கேட்டு நிக்கிறாரு. குடுக்காம சாத்துனா அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்றான். அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

எழுபதுகளில் மரக்காணம் கடைத்தெருவில் அவருடைய இரும்புக்கடைக்கு எதிரே நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். மளிகை, துணிக்கடை, டீக்கடை என்று எங்கள் எல்லாருக்கும் இரண்டே எஜமானர்கள். ஒருபுறம் உப்பளக்காரர்கள், மறுபுறம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயிகள். மழை பெய்தால் ஒருவருக்குக் கொண்டாட்டம், காய்ந்தால் மற்றவருக்கு.

ஒரு வருஷம் ஆடி பிறந்தும் மழையில்லை. விவசாயி கன்னியப்பன் வந்து, மழை வேண்டிப் பூசை போடுகிறோம், கடைத்தெரு சார்பில் நீங்கள்தான் முன்னே நிற்க வேண்டும் என்றார். அண்ணன் சரியென்றார். மத்தியானம் உப்பள முதலாளி ராமலிங்கம் வந்தார். மழை வராமலிருக்க அவருக்கும் ஒரு பூசை. அதற்கும் சரியென்றார்.

"ரெண்டு பேரும் ஒரே நாளு குறிச்சிருக்காங்கண்ணே" என்றேன்.

"அன்னிக்கிதாம்பா நாளு நல்லாயிருக்குது."

கோவிலில் இரு கூட்டமும் முறைத்துக்கொண்டு நின்றன. கற்பூரத் தட்டோடு குருக்கள் திரும்பினார். "ஏழுமலை, சாமிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அண்ணன் கைகூப்பியபடியே சொன்னார்: "வானூர் பக்கம் வயல்ல பெய்யட்டும், உப்பளத்துல வெயில் அடிக்கட்டும். எல்லை தெரியலன்னா நான் வந்து காட்டுறேன்னு சொல்லுங்க சாமி."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ராமலிங்கமே கன்னியப்பனுக்கு விபூதி எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே மழை வந்தது. அளத்தில் மட்டும். குவித்திருந்த உப்பு கரைந்து, பாத்தி வரப்புகள் உடைந்தன. வயல்களில் தூறல்கூட இல்லை. ராமலிங்கம் கடை வாசலில் நின்று, "எல்லைய மாத்திக் காட்டிட்டியே ஏழுமல" என்று சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் என் கடைப்பக்கமாக ஒதுங்கி நடந்தார். ஆணி வாங்கக்கூட இரு தரப்பாரும் திண்டிவனம் போனார்கள். அண்ணன் விற்காத மம்பட்டிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். "இப்டியே போனா கடைய மூடிட்டு மாமியார் வீட்டு சோத்துக்குத்தான் போவணும்பா" என்றார்.

பிறகு ஒருநாள் திடீரென்று எழுந்து, என்னை சைக்கிள் எடுக்கச் சொன்னார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து முதலில் ராமலிங்கத்திடம் போனார்.

"வரப்பு கட்ட ஆளு வேணுமில்ல? கூலி ஒழுங்கா குடுப்பீங்களா?"

அடுத்து கன்னியப்பனிடம். "மழை வர்ற வரைக்கும் உங்க ஆளுங்க சும்மாதானே கெடக்குறாங்க?"

விவசாயிகள் முணுமுணுத்துக்கொண்டே அளத்தில் இறங்கி வரப்பு கட்டினார்கள். உப்புத் தண்ணீரில் பழைய மம்பட்டிகள் துருப்பிடித்து உதிர, அண்ணன் கடையில் மறுபடி கூட்டம்.

"மம்பட்டி விக்கத்தானே இவ்ளோ அலைச்சல்?" என்று கேட்டேன்.

"ஏம்பா, சமாதானம் பண்றவன் பட்டினி கெடக்கணும்னு எங்கனா எழுதியிருக்குதா?"

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டார். மழை வரும்போல இருக்கிறது என்றேன். கடை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்ப கடையில யாரு நிக்கிறாங்கன்னு பாரு. அப்புறம் சொல்றேன், நல்லதா கெட்டதான்னு."

மேகம் கறுத்தால் என்னால் இப்போது முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை, முழுசாக வருத்தப்படவும் முடிவதில்லை. ஏழுமலை அண்ணன் எனக்கு விட்டுப்போனது அதுதான்.