கம்ப்யூட்டர் திறக்கும் வரை ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தியதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுப்பார். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருஷமாக நடந்துவந்த காரியம் இது. அவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். மாதா கோயிலின் ஞாயிறு அறிக்கை, பங்கு மக்களின் கல்யாணப் பத்திரிகை, நினைவு அட்டை எல்லாவற்றையும் அவர்தான் டைப் அடித்துக் கொடுப்பார். அந்தப் பெட்டியோ கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்தைக் காட்டிவிட்டுப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும். அது திறப்பதற்குள் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டிவிடலாம். அவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்குவார், பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நான் மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பேன்.

கடைசி மணி உருண்டதும் குரலைத் தாழ்த்தி, “இதை எங்க மகனுக்காக ஒப்புக்கொடுக்கிறோம்” என்பார். நான் ஆமென் சொல்வேன். மகனைப் பற்றி அன்று முழுக்க அவர் பேசுவது அவ்வளவுதான்.

மகன் தன் ஆபீசில் வேலை செய்த கன்னடப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்த மனுஷர், சொந்தப் பிள்ளைக்கு அடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. கோபமெல்லாம் அதில்தான் என்று எனக்குத் தெரியும், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிள்ளையும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். “அவரே கூப்பிடட்டும்” என்று எனக்கு மட்டும் போன் செய்வான். இந்த இரண்டு வீராப்புக்கும் நடுவில் எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து நின்றான். புனேவுக்கு மாற்றலாகிப் போகிறார்களாம், சொல்லிவிட்டுப் போக வந்தானாம். என் வீட்டுக்காரர் “வா” என்றார். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல வேளையாகக் கம்ப்யூட்டரை அப்போதுதான் ஆன் செய்திருந்தார். மகன் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தான்.

“இன்னுமா இது இப்படி இருக்கு? நான் அனுப்புன புது டிஸ்க்கைப் போட்டீங்களாம்மா?”

“போட்டாச்சுடா. அப்பவும் இப்படித்தான். கடைக்காரன் பழைய மெஷின், அவ்வளவுதான்னு கை விரிச்சுட்டான்.”

மகன் ஸ்க்ரூடிரைவர் கேட்டான். அவர் எடுத்துக் கொடுத்தார். அவன் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்க, அவர் குனிந்து டார்ச் அடித்தார். பெட்டியைச் சாக்காக வைத்தாவது பேசுகிறார்களே என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. டீ போட உள்ளே போனேன். காதும் கண்ணும் முன்னறைப் பக்கமே இருந்தன.

“விண்டோஸ் மேல தப்பில்லப்பா. அது வர்றதுக்கு முன்னாடியே நிக்குது.”

பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தான், பென் டிரைவைப் பிடுங்கிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஆன் செய்தான். அதே கறுப்புத் திரை. கடைசியில் உள்ளே தூசி மண்டிச் செருகியிருந்த ஒரு கார்டைக் காட்டினான்.

“இது என்னப்பா?”

“முன்ன இதுல இன்னொரு ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு. அதுக்காக எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடையில வாங்கிப் போட்ட கார்டு. டிஸ்க் கெட்டுப்போய்க் கழட்டிட்டாங்க. கார்டு அப்படியே இருக்கு.”

“அதான் விஷயம். இது பழைய காலத்துக் கன்ட்ரோலர். ஆன் பண்றப்பல்லாம் தன்கிட்ட டிஸ்க் இருக்கான்னு தேடுது. இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் வழி விடுது.”

“தேடட்டுமே. அதனால என்ன கெட்டுப்போச்சு?”

மகன் சிரித்தான். “இவ்வளவு நேரம் தினமும் என்னதான்ப்பா பண்ணுவீங்க, இந்த ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு?”

நான் டீத் தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சும்மா உக்காந்திருப்பேன்” என்றார்.

உனக்காகத்தான்டா ஜெபம் பண்ணுவாரு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பார்வை தடுத்தது. இவ்வளவு தூரம் பேசியவர் அதையும் தானே சொல்லட்டும் என்று நினைத்தேன். கல்லுளிமங்கன் என்றைக்குச் சொல்லியிருக்கிறார்? டீயை வைத்துவிட்டு முறுக்கு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கார்டு செய்தித்தாளின் மேல் கிடந்தது. கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது.

“பரவாயில்லையே” என்றார் அவர். மகன் இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நின்றான். பிறகு செருப்பை மாட்டினான்.

“வர்றேன்ப்பா.”

“பாத்துப் போ.”

மறுநாள் காலை பொத்தானை அழுத்தி மாலையை எடுத்தார். விரல் இரண்டாவது மணிக்குப் போவதற்குள் திரை வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

“முழுசா சொல்லிட்டு ஆரம்பிங்களேன்” என்றேன்.

“அறிக்கை அவசரம்” என்று மாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது அவசரம் இருந்தது.

மகன் புனே போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், “அந்தக் கார்டைத் திரும்ப மாட்டலாமான்னு அவனைக் கேளு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன், நீங்களே கேளுங்க என்று. அவர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் கேட்டேன்.

“எதுக்கும்மா அது? இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கிட்டே கெடக்கும். தூக்கிக் குப்பையில போடுங்க” என்று மகன் சிரித்தான்.

அவர் காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று கையசைத்தார். “சும்மாதான்டா கேட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வாய் கிழியப் பேசுகிறவள் நான், சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு தடவை விழுங்கிவிட்டேன்.

இப்போது அவர் டைப் அடிக்கும்போது பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நான் ஒருத்தியே இரண்டு பாதியையும் சொல்கிறேன். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி மணி முடிந்து, இதை எங்க மகனுக்காக என்று நான் தொடங்கும்போது கீபோர்டு சத்தம் நிற்கும். ஆமென் சொன்ன பிறகுதான் மறுபடி கேட்கும்.