தாளிதம் மணக்காத வீடு

மூன்று கிழமையாகப் பத்திரிகையின் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சுகமில்லையோ? பேப்பர் தட்டுப்பாடோ? இரண்டும் இல்லை. எழுத மனம் வரவில்லை... அவ்வளவுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் பரமேஸ்வரி வேலைக்குப் போகிறாள். ஆசிரியை அல்ல, நேர்ஸும் அல்ல. ஒரு மாதர் சங்கத்தின் நலத் தொண்டர். அதென்ன வேலை என்று உறவினர் கேட்டால் நான் திணறுவேன். வீடு வீடாகப் போவாள். பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கிறதா, பிள்ளைத்தாச்சிக்கு மருத்துவிச்சி வந்தாளா, கிணற்றடி சுத்தமா என்றெல்லாம் பார்ப்பாள் என்பேன்.

"உதுக்கும் படிக்க வேணுமோ மாஸ்டர்?" என்று சிரிப்பார்கள்.

அவளோடு வேலை செய்பவர்களை ஒருமுறை பார்த்தேன். ஆறு பெண்கள். புருஷனை இழந்த ஒருத்தி. புருஷன் மலாயாவில் அகப்பட்டு, யப்பான்காரன் வந்த நாள் முதல் கடிதமே காணாத ஒருத்தி. பட்டணத்து முஸ்லிம் மருத்துவிச்சி ஒருவர் - அவர் கையில் பிறந்தவர்களே இன்று அவரை வழிமறித்து, "எங்கை போறியள்?" என்று விசாரிக்கிறார்கள். மற்ற மூவரும் சீனியர் வரை படித்த, கலியாணமாகாத பெண்கள். ஒரேயொரு ஆண்... கிளாக்கர். சங்கத்தின் கந்தோரில் கதிரையும் ஒன்றுதான். அது அவருக்கு. மற்றவர்களுக்கு எதற்கு? அவர்கள்தான் இருப்பதே இல்லையே!

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். அந்தக் கிளாக்கர் மானிப்பாயில் எங்கள் படலையில் சைக்கிளோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், பதறாதேங்கோ."

இப்படிச் சொன்ன பிறகு பதறாமல் இருக்க முடியுமா?

"உங்கடை மகள் அரியாலையிலை ஒரு வீட்டுக்குள்ளை நிக்கிறா. வெளியிலை வரமாட்டன் எண்டு சொல்லுறா. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வைசூரி."

அரியாலை வரை எப்படி மிதித்தேன் என்பது நினைவில் இல்லை. கடற்கரையோரம் ஒரு மீன்பிடிகாரர் வீடு. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் என் மகள். காலையில் போனவள், அதற்குள் மெலிந்துவிட்டது போலிருந்தாள்.

"வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ளை ஏன் பிள்ளை போனனி?" என்று கத்தினேன்.

"படலையிலை கட்டேல்லை ஐயா. பிள்ளையைக் கொண்டுபோக ஆஸ்பத்திரி வண்டில் வந்திடும் எண்டு பயந்து, கழட்டி அறைக்குள்ளை வைச்சிருக்கினம்."

"பிறகு எப்பிடி அறிஞ்சனி?"

"தாளிதம் மணக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். இவர்கள் காலையில் போவதில்லையாம். காலையில் கேட்டால் பட்டினி கிடக்கிற வீடும், "எங்களுக்கு என்ன குறை?" என்றுதான் சொல்லும். எல்லாரும் உலை வைக்கிற பதினொரு மணிக்குத்தான் ஒழுங்கைக்குள் நடப்பார்களாம். எந்த வீட்டில் கடுகு, வெங்காயம் வதங்கும் மணம் வரவில்லையோ, அந்தப் படலையைத் தட்டுவார்களாம். தாளிக்காத வீட்டில் ஒன்றில் சமைக்க ஒன்றும் இராது, அல்லது அம்மாள் வந்திருப்பாள்; அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்களே.

"ரெண்டும் எங்கடை வேலைதானே ஐயா" என்றாள்.

இருபத்தைந்து வருடம் படிப்பிக்கிறேன். மூக்காலும் கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் கிளாக்கரும் வந்து சேர்ந்தார். மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு, ஒழுங்கையின் மறுகரையில் நின்றபடி ஒரு கடதாசியைக் காட்டினார். அம்மைப்பால் குத்திய, பழகிய ஒருவர் உள்ளே தங்கி, வீட்டார் எவரும் வெளியேறாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று டாக்டர் இணங்கியிருந்தார். ஆனால் கலியாணமாகாத பெண் வெளியில் தங்குவதென்றால் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும் - சங்கத்தின் விதி. நான் வைக்காவிட்டால் என் மகள் வெளியே வந்தாக வேண்டும். அந்த நாலு வயதுப் பிள்ளை வண்டிலில் தனியே போகும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையை நான் நினைக்கவேயில்லை. என் மகளின் முகத்தைத்தான் பார்த்தேன். இந்த முகத்தில் தழும்பு விழுந்தால்? உயிருக்கே ஏதும் வந்தால்?

"வா பிள்ளை, வீட்டை போவம்."

"நான் வந்தால் இந்த வீட்டு அக்கா தன்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறிடுவா. 'அம்மாளை வண்டிலிலை ஏத்துறதோ?' எண்டு இப்பவே ஒருக்கா வெளிக்கிட்டவ. அங்காலை எத்தினை வீடு இருக்கு, ஐயா?"

"உனக்கு வந்தால்?"

"எனக்குத்தான் குத்தியிருக்கே! நான் குளறக் குளற நீங்கள்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களாம்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், மெல்ல, பயந்து...

"தங்கச்சி, போறியளே?"

என் மகள் என்னைக் கேட்கவில்லை. கடதாசியைப் பார்க்கவுமில்லை.

"இல்லை அக்கா. நிக்கிறன்."

கிளாக்கரிடம் பேனையை வாங்கினேன்.

வீட்டில் மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இளநீர்க் குலை ஒன்றைச் சைக்கிளில் கட்டிவிட்டு, "ரெண்டு பிள்ளையளுக்கும் குடுங்கோ" என்றாள். அதன் பிறகு தினமும் போனேன். வேலிக்கு இப்பால் நின்று மகளின் நெற்றியையே பார்ப்பேன். "கொப்புளம் எண்ணிப் பாக்கிறியளோ ஐயா?" என்று கேலி செய்வாள்.

அந்தச் சின்னவன் பிழைத்துக்கொண்டான். வேறெந்த வீட்டிலும் படலையில் வேப்பிலை ஏறவில்லை. என் மகள் போன வெள்ளிக்கிழமை வீடு வந்தாள், போன முகத்தோடேயே. திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் யாராவது சைக்கிள் மணி அடித்தால் இன்னும் படலைக்கு ஓடுகிறேன்.

நேற்று, அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பினார்கள். "பெட்டை உப்பிடிக் கண்ட வீடுகளிலை நிக்கிறவ எண்டு கேள்விப்பட்டம். யோசிச்சுச் சொல்லுறம்" என்றார்களாம்.

ஆறுதலாக யோசிக்கட்டும். அவர்கள் பெடியன் என் மகளுக்குத் தகுதி காணுமோ என்று நானும் யோசிக்க வேண்டியிருக்கிறது!