சமயம் இல்லாத சீனக் கடை

தொண்ணூறுகளில் லண்டனில் வீடுவீடாகப் போய், யார் என்ன சமயம் என்று கேட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. தோர்ண்டன் ஹீத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீனப் பெண்மணி, "எங்களுக்குச் சமயம் இல்லை" என்றார். அவருடைய தலைக்கு மேலேயே தாடி வைத்த சாமிப் படம் ஒன்று இருந்தது. முன்னால் தோடம்பழமும் புகையும் ஊதுபத்தியும்.

"அப்படியென்றால் இது?"

"அது கடைக்கு."

"உள்ளே இன்னொரு படத்துக்கும் ஊதுபத்தி எரிகிறதே?"

"அது மாமனாருக்கு. செத்துவிட்டார்."

"உங்கள் கழுத்தில் சிலுவை?"

"அது மகளின் பரீட்சைக்கு."

எனக்குக் கோபம் வந்தது. என்னை வைத்து விளையாடுகிறார் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கைப்பையில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு வெளியே புறப்பட்ட மனைவியை மறித்தேன்.

"நாங்கள் என்ன சமயம்?"

"உதென்ன கேள்வியப்பா? சைவம்தானே."

"அப்ப செவ்வாய்க்கிழமையெண்டால் அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரியோட ஓடுறீர்?"

"அது விசாவுக்கு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அடுத்த வருடம் விசா கிடைத்தது. மெழுகுதிரி மட்டும் நிற்கவில்லை. இப்போது எதற்கு என்று நான் கேட்டதில்லை. அவள் வெளிக்கிட நேரமானால், பஸ் தரிப்பு வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன்.