ஐந்து படிகளுக்கு மேலே

அக்காவின் முழங்கை என் விலாவில் இடித்த இடம் நான்கு நாள் வலித்தது. பம்பு அறைக்குள் இறங்குவதற்காக ஓடினேன். வாசலில் அவர் கையைக் குறுக்கே போட்டுத் தடுத்துவிட்டார். ஐந்து படிகளுக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தவர் அவருடைய கணவர்.

கச்சிராயபாளையம் சாலையில், கல்வராயன் மலை எதிரே நிற்கும் இடத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. மலையிலிருந்து வரும் மிளகை அரைத்து, அதன் எண்ணெயைப் பிரித்து ஏற்றுமதி செய்தோம். நான் தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆய்வகப் பெண். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் பகல் ஷிப்டின் பொறுப்பாளர். பாலிடெக்னிக்கில் படித்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் கணவர் அங்கேயே மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். வேலைக்கு வந்த இடத்தில் பழகி, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மதியம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள்.

எண்ணெய் எடுக்க நாங்கள் பயன்படுத்தியது கரியமில வாயு, சோடா பாட்டிலில் இருக்கும் அதே வாயு. அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி, பம்பால் மிகுந்த அழுத்தத்துக்கு ஏற்றி, இதமாகச் சூடுபடுத்தினால் அது திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் இன்னொரு நிலைக்குப் போய்விடும். மிளகுப்பொடிக்குள் காற்றைப் போல நுழையும்; எண்ணெயைத் திரவம் போலக் கரைத்துக்கொள்ளும். அழுத்தத்தைக் குறைத்தால் எண்ணெயைக் கீழே விட்டுவிட்டுத் தனியே பிரிந்துவிடும். நான் சேர்ந்த அன்று இதையெல்லாம் விளக்கிவிட்டு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பைப்புக்குள்ள இருக்கறவரைக்கும் மீட்டரு பாத்துகினு இருந்தா போதும். வெளிய வந்துச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கெடையாது. காத்தவிட கனம் ஜாஸ்தி. பள்ளத்துல போய் தேங்கிக்கும். அங்க நம்ம மூச்சுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

பம்பு அறைதான் அந்தப் பள்ளம். வாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்று அங்கே சுவரில் இருந்தது. அது பழுதாகி, சரிசெய்வதற்காகக் கழற்றி அனுப்பப்பட்டிருந்தது. அது வரும்வரை பம்பை நிறுத்த வேண்டும் என்றார் அக்கா. சரக்கு போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்று மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா படிகளின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, 'இறங்காதீர்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நேரிலும் சொன்னார், தன் கணவர் உட்பட.

அன்று காலைத் தேநீர் முடிந்த நேரம். தள்ளுவண்டிச் சக்கரம் இறுகிவிட்டது என்று, கிரீஸ் டப்பாவை எடுத்துவர அக்காவின் கணவர் கயிற்றுக்குக் கீழே குனிந்து இறங்கியிருக்கிறார். ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்திருப்பார். மாதிரி எடுக்க அந்தப் பக்கம் வந்த நான்தான் முதலில் பார்த்தேன். கத்திக்கொண்டே ஓடினேன். எனக்குப் பின்னால் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரும் இரண்டு சுமைதூக்கும் ஆட்களும் ஓடிவந்தார்கள். எல்லோரையும் அக்காவின் கை தடுத்தது.

"யாரும் எறங்கக் கூடாது. டேங்க் வால்வ மூடு. எக்ஸாஸ்ட் பேன போடு." பிட்டரைப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

சுவர்ப் பெட்டியைத் திறந்து காற்று சிலிண்டரை எடுத்து முதுகில் மாட்டிப் பெல்ட்டை இறுக்கினார். முகமூடியைப் பொருத்தினார். காற்று கசிகிறதா என்று உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். எங்கோ காற்று போனது போலிருக்கிறது, கழற்றி மறுபடி பொருத்தினார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். "அக்கா, அது உங்க வூட்டுக்காரரு. எதுக்கு நின்னுகினு இருக்கீங்க? உங்களுக்கு மனசே இல்லியா?" அவர் என் பக்கம் திரும்பவில்லை. படியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இடுப்பில் முடிந்து, மறுமுனையை என் கையில் திணித்தார். "நான் வுழுந்தா இழுங்க. எறங்காதீங்க." அதன்பிறகுதான் இறங்கினார்.

அந்தக் கயிற்றைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கணவரின் அக்குளில் சுற்றிக் கட்டினார். நாங்கள் இழுத்தோம். வெளிக்காற்றில் கிடத்திக் கொஞ்ச நேரத்தில் அவர் இருமினார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கலாம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செய்ததுதான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது. அக்காவின் மாமியார் அழுதுகொண்டே, "இன்னா ஆச்சு, சொல்லும்மா" என்று என் கையைப் பிடித்தார். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அக்கா எங்களைத் தடுத்ததையும், முகமூடியைக் கழற்றி மறுபடி மாட்டியதையும் சொன்னேன். அந்த அம்மாவின் அழுகை நின்றது. "புள்ள வுழுந்து கெடக்கறான், இவ பெல்ட்ட இறுக்கிகினு நின்னாளா?" என்றார். அக்கா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "நான் ஏழாவது படிக்கும்போது எங்க மாமா கெணத்துல தூரு வார எறங்கி மயங்கிட்டாரு. அவர தூக்க எங்கப்பா எறங்கினாரு. ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் மேல எடுத்தாங்க." மாமியாரிடம் இதைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "இப்ப சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

மாமியார் பல மாதம் அவர் கையால் சாப்பிடவில்லை. கணவர் பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார். ஆனால் மதியம் தனியாகச் சாப்பிட்டார். அந்தக் காலம் முழுக்க அக்கா எட்டு மணிக்கு வந்தார், மீட்டர்களைக் குறித்தார், ஐந்து மணிக்குப் போனார்.

பிறகு புதிதாகச் சில ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அக்கா அவர்களைப் பம்பு அறை வாசலில் நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தபோது, மூட்டை தூக்கிப் போய்க்கொண்டிருந்த அவர் கணவர் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "நான் இங்கதான் வுழுந்து கெடந்தேன்," என்றார். "எங்க வூட்டுக்காரி ஒடனே எறங்கல. அதனாலதான் நான் உசுரோட கீறேன், அவளும் கீறா. அவ சொல்றத கேளுங்க." சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மதியம் இருவரும் ஒரே கேரியரைத் திறந்ததை நான் ஆய்வக ஜன்னல் வழியே பார்த்தேன்.

இப்போது நான் ஓசூர்ப் பக்கம் வேறொரு ஆலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது அக்காவைப் போய்ப் பார்த்தேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பேசியதற்கும், அன்று படிக்கட்டில் அவரைப் பார்த்துக் கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில பேசுனதுக்கு ரொம்ப நாளு கோவமாத்தான் இருந்தேன்," என்றார். "ஆனா அங்க படிக்கட்டுல நீ கத்துனது நல்லதுதாம்மா. எனக்கும் சேத்து நீ கத்திட்ட. நான் வாயத் தொறந்திருந்தா எறங்கியிருப்பேன்."