ஒரு தட்டு என்றால் நில்

மொன்றியலில் பெற்றோலை ‘காஸ்’ என்பார்கள் என்று தெரியவே அருமைராசாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை காஸ் லொறி என்றால் அடுப்புச் சிலிண்டர் கட்டிய லொறி என்று நினைத்து, அதன் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைக்கவும் பயந்தவர். ஊரில் பதினொரு வருடம் லொறி ஓட்டிய மனுசன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

தொண்ணூற்றாறு பங்குனியில் அவருக்கு ஒரு வேலை சரிவந்தது. சென்ட்-லோரன்ட் பகுதித் தொழிற்சாலைகள் கழித்துவிடும் இரும்பு இயந்திரங்களை ட்ரெயிலரில் ஏற்றி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை இழுக்க வேண்டும். திங்கட்கிழமை சொந்த வாகனத்தோடு நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அவர் மறுபடி உணவகத்தில் கோப்பை கழுவலாம்.

சென்ட்-மிஷேலில் விற்பனைக்கு இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று காஸ், ஒன்று டீசல். கூடப் போன மெக்கானிக் நகுலேஸ்வரனுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

“அண்ணை, மூண்டரைத் தொன் இரும்பு. காஸ் எண்டால் ஏத்தத்திலை குழறும். டீசலுக்குப் பின்னாலை என்ன கிடக்கெண்டே தெரியாது.”

“அதுதானடாப்பா பிரச்சினை.”

“என்ன?”

“ஒண்டுமில்லை. முதல்லை காஸைப் பாப்பம்.”

“சிலிண்டர் வெடிக்குமெண்டு ஓடின ஆள், இப்ப அதுதான் வேணுமாம்!”

சுமை ஏற்றிய ட்ரெயிலரைக் கொழுவி, மேம்பாலத்துக்கு ஏறும் சாய்வில் ஓட்டிப் பார்த்தார்கள். காஸ் வண்டி குழறத்தான் செய்தது. கியர் ஏறுவதும் இறங்குவதுமாகத் தவித்தது. பின்னால் வந்தவன் பிரெஞ்சில் திட்டினான்.

பிறகு டீசல். திறப்பைத் திருப்பியதும் அந்தக் கட கட. ஆறு வருடமாக அவர் அந்தச் சத்தத்துக்குள் உட்காரவில்லை.

ஊரில் அவருடைய லொறியின் பின்னால், சுமையோடு, கிளீனர் பத்திநாதர் நிற்பார். பக்கப் பலகையில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. சாவகச்சேரி வீதியில் பொம்மர் விமானம் குண்டு போட வந்த அன்று, நிற்கச் சொல்லிப் பத்திநாதர் தட்டினாராம். இரண்டு கையாலும் தட்டினாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள். அருமைராசாவுக்குக் கேட்டதெல்லாம் டீசல் இரைச்சல். லொறி நின்றபோது பின்னால் பத்திநாதர் உயிரோடு இல்லை.

டீசல் வண்டி சாய்வில் சும்மா நடந்துபோவதுபோல ஏறியது. பாதியில் அவர் பிரேக்கை மிதித்தார். நகுலேஸ்வரனின் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது.

“என்னண்ணை?”

“தட்டினது கேக்கேல்லையோ?”

இறங்கிப் பார்த்தார்கள். கொழுக்கி, சங்கிலி, டயர் எல்லாம் சரி. “ஆர் தட்டினது?” என்று கேட்ட நகுலேஸ்வரனுக்கு, அந்த வீதியின் ஓரத்திலேயே நின்று எல்லாம் சொன்னார். எதற்கும் பகிடி விடும் நகுலேஸ்வரன் அவரை ஏறச் சொல்லிவிட்டு, பின்னால் போய் ட்ரெயிலரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அருமைராசா கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். “அது நீ. அவர் இன்னும் பலமாத் தட்டுவார்.”

“அப்ப காஸையே எடுங்கோ அண்ணை. அதிலை ஒருத்தரும் தட்டேல்லைத்தானே.”

“அதிலை வரேல்லை. இதிலைதான் வந்தவர். இந்த முறை எனக்குக் கேட்டதடா.”

டீசலை எடுத்தார்.

திங்கள் காலை, சுமை ஏற்றி முடிந்தது. குளிர் எலும்பைத் துளைக்க, பின் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டு, இயந்திரம் கட கடவென்று ஓட, அவர் புறப்படாமல் இருந்தார். வாசலில் காத்துநின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். பிறகும் அடித்தான். அருமைராசா தலையைச் சற்றுச் சாய்த்தபடியே இருந்தார்.

பிறகு கியரைப் போட்டார். இரண்டு தட்டும் கேட்டிருக்க வேண்டும்.